மருத்துவமனைக்கு விளக்கு வாங்கும் முன் கட்டிலில் படுத்துப் பாருங்கள்

முப்பது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை. பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்இடி பேனல்கள் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. மின் கட்டணம் குறைந்துவிட்டது என்று உரிமையாளர் மகிழ்ச்சியோடு பில்லை எடுத்துக் காட்டினார். நான் ஆண்கள் வார்டுக்குள் நுழைந்தேன். பிற்பகல் மூன்று மணி. வரிசையாக நான்கு பேர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார்கள். ஒவ்வொருவர் தலைக்கும் நேர் மேலே ஒரு பேனல், நீலம் கலந்த வெள்ளையில் எரிந்துகொண்டிருந்தது.

அன்று இரவும் அங்கேயே இருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு நோயாளிக்கு டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது. நர்ஸ் சுவிட்ச் பக்கமே போகவில்லை. துணைக்கு இருந்தவரிடம் செல்பேசி டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி அந்த வெளிச்சத்தில் நரம்பைத் தேடினார். ஏன் விளக்கைப் போடவில்லை என்று பிறகு கேட்டேன். "எல்லா விளக்குக்கும் ஒரே சுவிட்ச் சார். போட்டால் வார்டே எழுந்துவிடும்" என்றார்.

பகலில் கண்ணைக் கூசவைக்கிற விளக்கு, இரவில் உதவாத விளக்கு. அது எவ்வளவு குறைந்த வாட்டில் எரிந்தாலும் அந்த மின்சாரம் வீண்தான். வெளிச்சத்தைத் தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தேவையான அளவு கொடுத்தால் சேமிப்பு தானாகவே வந்துவிடும். மருத்துவமனை வேலையை முதன்முறையாகக் கையில் எடுக்கும் இளம் மின் பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும், சிறிய மருத்துவமனைகளை நிர்வகிப்பவர்களுக்கும் இந்த வேலையை எந்த வரிசையில் செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதல் படி: மூன்று வேளை சுற்றுங்கள், ஒரு நோட்டுடன்

நண்பகல், மாலை ஏழு மணி, நள்ளிரவு இரண்டு மணி. மூன்று முறையும் கட்டடம் முழுக்க நடந்து பாருங்கள். காலியான கட்டில் கிடைத்தால் படுத்துப் பாருங்கள். ஸ்டிரெச்சரில் படுத்தபடி ஒருமுறை நடைபாதையில் போய்ப் பாருங்கள். நேர் மேலே வரிசையாக விளக்குகள் இருந்தால் அவை ஒவ்வொன்றாகக் கண்ணில் அடிப்பது அப்போதுதான் தெரியும். நின்றுகொண்டு வரைபடம் போடுகிற நமக்குக் கூரை என்பது தலைக்கு மேலே இருக்கும் ஒன்று. நோயாளிக்கோ நாள் முழுக்கக் கண்ணெதிரே இருப்பது அது மட்டுமே.

நோட்டில் நான்கு பத்திகள் போதும்: அறை, விளக்கின் எண்ணிக்கை, ஒன்றின் வாட், ஒரு நாளில் எரியும் மணி நேரம். 36 வாட் டியூப் லைட்டை 36 என்று எழுதிவிடாதீர்கள். பழைய செம்புச் சோக்கு தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட்டுக்கு மேல் தின்னும். ஒரு செட் ஏறத்தாழ 50 வாட் என்றே கணக்கிடுங்கள்.

கடைசிப் பத்திதான் முக்கியமானது. நடைபாதையில் 20 டியூப் லைட்டுகள் இரவு பகலாக எரிகின்றன என்றால் ஒரு நாளைக்கு 24 யூனிட். பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறையிலும் அதே 20 விளக்குகள். ஆனால் தினமும் ஒரு மணி நேரம்தான் எரிகின்றன என்றால் ஒரே ஒரு யூனிட். கையில் பணம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்கு இந்த நோட்டே பதில் சொல்லிவிடும். அந்த நடைபாதையில் 50 வாட்டை 20 வாட்டாக்கினால் நாளொன்றுக்கு 14.4 யூனிட் மிஞ்சும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 42,000 ரூபாய். விளக்குக்குப் போட்ட பணம் சில மாதங்களில் திரும்பிவிடும். கோப்பு அறை காத்திருக்கலாம்.

குளிரூட்டிய அறை என்றால் இன்னொரு லாபமும் உண்டு. விளக்கு எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் நிற்கிறது. விளக்கில் மூன்று வாட் குறைத்தால் ஏசியில் ஏறத்தாழ ஒரு வாட் குறையும்.

இரண்டாம் படி: எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

வாட், லூமன், லக்ஸ் மூன்றையும் குழப்பிக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கிற தவறு. வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இழுக்கும் மின்சாரம் வாட். குழாயில் கொட்டும் தண்ணீர் லூமன். பாத்தியில் வந்து நிற்கும் தண்ணீரின் உயரம் லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டரில் வந்து விழும் லூமன். பயிருக்குக் கணக்கு பாத்தியில் நிற்கும் தண்ணீர்தான். வாய்க்காலில் கசிவு இருந்தால் எவ்வளவு நல்ல மோட்டார் வாங்கியும் பயன் இல்லை.

லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். செல்பேசிச் செயலிகள் தோராயமாகக் காட்டும். அவற்றை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஐரோப்பியத் தரநிலை மருத்துவமனைகளுக்குச் சொல்லும் அளவுகள் எனக்கு நல்ல வழிகாட்டியாக இருந்திருக்கின்றன. வார்டில் பொது வெளிச்சம் தரையில் 100 லக்ஸ். கட்டிலில் படிப்பதற்கும் எளிய பரிசோதனைக்கும் 300. காயம் தைப்பது போன்ற சிகிச்சைக்கு 1,000. நடைபாதைக்கு இரவில் 50. வார்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் 5 லக்ஸ் மட்டும். அந்த 5 லக்ஸில் எழுத்து தெரியாது. ஆனால் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியும். அதுதான் வேண்டியது.

இந்தியாவில் அரசு ஒப்புதலுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பையும், உள்ளரங்க விளக்குகளுக்கான ஐஎஸ் 3646 தரநிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: சூரியனை முதலில் கணக்கில் எடுங்கள்

நம் ஊரின் பழைய அரசு மருத்துவமனைக் கட்டடங்களுக்குள் போனால் உயரமான ஜன்னல்களும், அவற்றுக்கு மேலே கண்ணாடி வைத்த வெளிச்சத் திறப்பும், வெயில் நேராக விழாதபடி ஓடும் தாழ்வாரமும் இருக்கும். பகலில் விளக்கே தேவைப்படாது. புதிய கட்டடங்களில் அதே ஜன்னலுக்குக் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, திரை போட்டு, உள்ளே விளக்கு எரிக்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

புதுக் கட்டடம் என்றால் வார்டு ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கு வெயில் வெளிச்சத்தோடு அனலையும் கொண்டுவரும். அந்தப் பக்கம் படிக்கட்டையும் சேமிப்பு அறையையும் வையுங்கள். ஏற்கனவே கட்டியது என்றால் கூரையின் உட்பக்கத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடிப்பதிலிருந்து தொடங்குங்கள். இதைவிட மலிவான விளக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

1984 இல் ரோஜர் உல்ரிச் என்பவர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வீரியமான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. ஜன்னலை அடைக்கச் சொல்லும் நிர்வாகிகளிடம் இந்த ஆய்வை நான் தவறாமல் சொல்வேன்.

வயரிங் செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள். விளக்கு வரிசைகளை ஜன்னலுக்கு இணையாகப் பிரித்து, ஜன்னலோர வரிசைக்குத் தனிச் சுவிட்ச் கொடுங்கள். குறுக்காகப் பிரித்தால் அறையின் உட்பகுதி இருட்டாக இருக்கிறது என்பதற்காக ஜன்னலோர விளக்கும் நாள் முழுக்க எரியும். பைப் புதைத்துப் பூசிய பிறகு இதை மாற்றுவது பெரும் செலவு.

நான்காம் படி: வார்டில் மூன்று வெளிச்சங்கள்

ஒரே விளக்கால் எல்லா வேலையையும் செய்ய முயல்வதுதான் வார்டில் நடக்கும் எல்லாத் தவறுகளுக்கும் வேர். மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, பொது வெளிச்சம். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஏறத்தாழ ஆறடி உயரத்தில் விளக்கைப் பொருத்தி, ஒளியை மேல்நோக்கி அனுப்பிக் கூரையில் பட்டுத் திரும்பும்படி செய்யுங்கள். படுத்திருப்பவர் கண்ணில் எல்இடி நேராகப் படாது. இரண்டாவது, ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழ்நோக்கிய சிறு விளக்கு. நோயாளியின் கைக்கு எட்டும் சுவிட்ச் ஒன்று, நர்ஸுக்கு ஒன்று. அந்த இரவில் அந்த நர்ஸுக்கு இல்லாமல் போனது இதுதான். மூன்றாவது, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரவு விளக்கு. கழிப்பறைக்குப் போகும் வழியை மட்டும் காட்டினால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு கட்டில் வார்டு, 9 மீட்டருக்கு 6 மீட்டர், 54 சதுர மீட்டர். 100 லக்ஸ் வேண்டும் என்றால் தரைக்கு 5,400 லூமன் வந்து சேர வேண்டும். கூரையில் பட்டுத் திரும்பும் ஒளி என்பதால் விளக்கிலிருந்து புறப்படுவதில் 40 விழுக்காடுதான் தரைக்கு வரும் என்று கொள்ளுங்கள். தூசி படிவதற்கும் எல்இடி வயதாவதற்கும் இடம் விட்டு 0.8 என்று ஒரு பெருக்கு எண். ஆக 5,400 ஐ 0.4 ஆலும் 0.8 ஆலும் வகுத்தால் 16,875 லூமன். வாட்டுக்கு 110 லூமன் தரும் விளக்கு என்றால் தலைமாட்டுக்கு ஒன்றாக ஆறு விளக்கு, ஒவ்வொன்றும் 26 வாட், மொத்தம் 156 வாட். படிக்கும் விளக்கு ஆறு வாட் வீதம் 36. எல்லாம் ஒன்றாக எரிந்தாலும் 192 வாட். இரவில் இரண்டு வாட் விளக்கு நான்கு மட்டும், 8 வாட்.

இதே அளவு வார்டில் கூரையில் 36 வாட் பேனல் பன்னிரண்டு போட்டிருப்பார்கள்: 432 வாட். எங்கு பார்த்தாலும் நானூறு லக்ஸுக்கு அருகே வெளிச்சம் கொட்டும், யாருக்கும் அது தேவைப்படாத இடங்களிலும். பேனலும் எல்இடிதான், தலைமாட்டு விளக்கும் எல்இடிதான். சேமிப்பில் பாதிக்கு மேல் விளக்கை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஐந்தாம் படி: நிறத்தில் கஞ்சத்தனம் கூடாது

இந்த ஒரு படியில் மட்டும் மின்சாரத்தைச் சற்று விட்டுக்கொடுங்கள் என்று சொல்வேன். உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிகிறதா, காயத்தைச் சுற்றிய சிவப்பு பரவுகிறதா என்று மருத்துவரும் நர்ஸும் கண்ணால் பார்த்தே முதலில் முடிவெடுக்கிறார்கள். விளக்கு நிறத்தைத் திரித்துக் காட்டினால் அந்த முடிவு தவறும்.

மலிவான எல்இடியில் பெரும்பாலும் சிவப்புதான் பற்றாக்குறை. பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருக்கும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குத் தரும் மதிப்பெண் அது. அந்த எண்ணைக் கணக்கிடப் பயன்படும் எட்டு நிறங்களும் வெளிறிய நிறங்கள். ஆழ்ந்த சிவப்பு அவற்றில் இல்லை. அதற்குத் தனியாக ஆர்9 என்ற அளவு இருக்கிறது. பரிசோதனை, சிகிச்சை நடக்கும் இடங்களுக்கு சிஆர்ஐ 90 க்குக் குறையக் கூடாது. ஆர்9 எவ்வளவு என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரநிலை இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளியின் உடல் நீலம் பாய்வதை விளக்கு சரியாகக் காட்டுகிறதா என்பதற்கே ஒரு குறியீடு வைத்திருக்கிறது, அது 3.3 ஐத் தாண்டக் கூடாது, ஒளியின் நிறம் 3,300 முதல் 5,300 கெல்வினுக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சம் நீலத்தை நோக்கிப் போகும், குறையக்குறைய மஞ்சளை நோக்கி. நடைமுறையில் 4,000 கெல்வின் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்டால் 6,500 கெல்வின் வெள்ளையைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். "பளிச்" என்று தெரிகிறது என்பதுதான் காரணம். பிரசவ வார்டில் அழகுக்காக 3,000 கெல்வின் மஞ்சள் விளக்குப் போடுவதும் உண்டு. அந்த வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் மஞ்சளாகத்தான் தெரியும். மஞ்சள் காமாலை வந்த குழந்தையைப் பிரித்தறிய முடியாது. சுவருக்கு மஞ்சளும் திரைக்கு அடர் பச்சையும் கூட இதே தீங்கைச் செய்யும்.

குழந்தை மஞ்சள் காமாலைக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு பழையது. 1956 இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் காட்டிவிட்டுக் கொண்டுவந்த ஜீன் வார்டு என்ற செவிலியர், ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதை மருத்துவர்களிடம் காட்டினார். இன்று குழந்தைகள் வார்டில் எரியும் நீல ஒளிச் சிகிச்சை விளக்கு அங்கிருந்து தொடங்கியதுதான். அந்த நீல விளக்கு எரியும் அறையில் மற்ற குழந்தைகளின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதால் அதற்கு ஒரு தடுப்புத் திரை வைக்க இடம் ஒதுக்குங்கள்.

இரவில் நீலம் மிகுந்த வெள்ளையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. நம் விழித்திரையில் பார்வைக்கு உதவும் செல்களைத் தவிர, பகலா இரவா என்று உடலுக்குச் சொல்லும் செல்களும் இருக்கின்றன; அவை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே அதிகம் தூண்டப்படும். இரவு விளக்கு மட்டும் மங்கலான மஞ்சளாக இருக்கட்டும்.

ஆறாம் படி: தானியங்கிகளை எங்கே வைப்பது

ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் நல்ல கருவி. சேமிப்பு அறை, துணி அறை, மாடிப்படி, வாகன நிறுத்தம் ஆகிய இடங்களுக்குத் தயங்காமல் போடுங்கள். அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் போடவே கூடாது. நடைபாதையில் முழுக்க அணைக்காமல் இரவில் 50 லக்ஸுக்கு மங்கும்படி அமையுங்கள்.

நோயாளிகளின் கழிப்பறையில் கவனம் வேண்டும். அலுவலகக் கட்டடத்துக்கு வைப்பதுபோல் மூன்று நிமிடத்தில் அணையும்படி வைத்துவிட்டால், அசையாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர் திடீரென்று இருட்டில் மாட்டிக்கொள்வார். கையில் ஊசியோடு, தலைசுற்றலோடு எழுந்து தடவினால் விழுந்துவிடுவார். இருபது நிமிடத் தாமதம் வையுங்கள். கூடவே ஒரு சிறு விளக்கு எப்போதும் எரியட்டும். அந்த இரண்டு வாட்டில் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள்.

ஏழாம் படி: வாங்கும்போது கேட்க வேண்டியவை

விளக்கில் முதலில் செத்துப்போவது பெரும்பாலும் எல்இடி அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் இது இன்னும் வேகம். எந்த மின்னழுத்த வரம்பில் வேலை செய்யும், மின் எழுச்சியை (திடீரென்று பாயும் உயர் மின்னழுத்தத்தை) எத்தனை கிலோவோல்ட் வரை தாங்கும், பவர் ஃபாக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.9 க்கு மேல் இருக்கிறதா, டிரைவரைத் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். தரமற்ற டிரைவர் கிளப்பும் மின் இரைச்சல் ஈசிஜி கோட்டில் நடுக்கமாகத் தெரியவும் கூடும்.

மினுக்கம் இருக்கிறதா என்று பார்க்க, செல்பேசி கேமராவை விளக்குக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய டியூப் லைட் பட்டியிலேயே எல்இடி டியூபைச் செருகுவதானால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் அகற்றி வயரிங்கை மாற்றச் சொல்லுங்கள். சோக்கு உள்ளேயே கிடந்தால் அது தன் பங்குக்கு மின்சாரத்தை வீணாக்கும். மாற்றிய பட்டியின் மேல் அதைத் தெரிவித்து ஒரு வில்லை ஒட்டுங்கள். நாளை வேறொரு எலெக்ட்ரீஷியன் தெரியாமல் பழைய டியூபை மாட்டிவிடக் கூடாது.

நோயாளிகள் இருக்கும் இடத்தில் தொற்றுநீக்கி தெளித்துத் துடைப்பார்கள். மூடிய உடல் கொண்ட, துடைக்க எளிதான விளக்கு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காமல் ஒரு வார்டில் போட்டு ஒரு மாதம் விட்டுவைத்து, அங்கே இரவுப் பணி பார்க்கும் நர்ஸிடம் கருத்துக் கேளுங்கள். எந்த விற்பனைப் பிரதிநிதியின் சொல்லையும்விட அது மதிப்புள்ளது.

அறுவை அரங்கு, ஸ்கேன் அறை

இவற்றை முதல் வேலையிலேயே தனியாகச் செய்ய முயலாதீர்கள், அனுபவமுள்ளவரோடு சேருங்கள். அறுவை மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை தரும். சுற்றியுள்ள அறைக்கு 1,000 லக்ஸாவது இல்லாவிட்டால் மருத்துவரின் கண் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாறி மாறிக் களைத்துவிடும். மின்சாரம் போனால் மேசை விளக்கு அரை நொடிக்குள் மீண்டும் எரிய வேண்டும். ஜெனரேட்டர் எழுந்திருக்க அந்த நேரம் போதாது, எனவே யூபிஎஸ் கட்டாயம். எம்ஆர்ஐ அறைக்குள் இரும்புப் பாகம் உள்ள விளக்கு கூடாது. டிரைவரும் அறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

கடைசிப் படி: கழற்றியதும் மாட்டியதும்

கழற்றிய டியூப் லைட்டுகளுக்குள் பாதரசம் இருக்கிறது. மாடியில் குவித்து வைப்பதும், குப்பை வண்டியில் உடைத்துப் போடுவதும் மருத்துவமனை செய்யக் கூடாத வேலை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஒன்று உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, விளக்குமாறால் பெருக்காமல், கையுறை போட்டுக் கெட்டி அட்டையால் அள்ளி, ஈரத் துணியால் துடைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள்.

புதிய விளக்குகள் எரியத் தொடங்கியதும் ஒவ்வொரு வார்டின் தரையிலும் மூன்று இடங்களில் சிறிய பெயின்ட் புள்ளி வைத்து, இரவில் லக்ஸ் அளந்து தேதியோடு எழுதுங்கள். 100 லக்ஸுக்குத் திட்டமிட்ட வார்டு புதிதில் 125 அளவுக்குக் காட்டும். தூசிக்கும் வயதுக்கும் விட்ட இடம் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே புள்ளியில், அதே மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். 100 க்குக் கீழே இறங்கியிருந்தால் புது விளக்குக்கு விலைப்பட்டியல் கேட்கும் முன் ஏணியும் ஈரத் துணியும் எடுத்துக்கொண்டு ஒருவரை அனுப்பி, மேலிருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.